குரங்குக் கடிக்கும் ஊசி உண்டு

மலைக்கோயில் அடிவாரத்தில் மருத்துவம் பார்க்கிறவனுக்கு விடுமுறைக் காலம் என்றால் குரங்குக் கடிக் காலம். பழனியோ, குற்றாலமோ, ஏற்காடு மலைப்பாதையோ, கூட்டம் சேரும் இடத்தில் நாட்டுக் குரங்குகளும் சேர்ந்துவிடுகின்றன. எப்படிக் கடித்தது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டே பதில்கள்தான்: "பழம் கொடுத்தேன்", "பையைப் பிடுங்கியது, நான் விடவில்லை".

சென்ற கோடையில் ஒரு சிறுவனை அழைத்து வந்தார்கள். முன்கையில் பல் பதிந்த காயம். அதன்மேல் காப்பித்தூளை அப்பியிருந்தார்கள். இரத்தத்தோடு சேர்ந்து அது கெட்டித்துப்போயிருந்தது. கழுவி எடுப்பதற்குள் பையன் அலறிவிட்டான். "கடித்தது ஆஞ்சநேயர்தானே டாக்டர், அதற்குப் போய் ஊசியா?" என்றார் கூட வந்த பாட்டி. அவருடைய பக்தியோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் நாய்க்கு வரும் ரேபிஸ் குரங்குக்கும் வரும். அறிகுறி தெரிந்த பிறகு பிழைத்தவர்கள் அரிதிலும் அரிது. கடித்தது வளர்ப்பு நாய் என்றால் 10 நாள் கட்டிவைத்துக் கவனிக்கலாம். கூட்டத்தோடு மரமேறிப் போன குரங்கை எங்கே தேடுவது?

ஆகவே முதல் வேலை குழாயடிக்குப் போவது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். இரத்தம் வந்த காயம் என்றால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தும் போட வேண்டும். நகக்கீறல்தானே என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

குரங்கின் முகத்தைப் படிக்கவும் கொஞ்சம் பழக வேண்டும். புருவத்தை உயர்த்தி, வாயைத் திறந்து, நேராக முறைத்தால் அது மிரட்டுகிறது. பல்லை இளித்தால் பயந்திருக்கிறது. இரண்டையுமே சிரிப்பு என்று நினைத்துக்கொண்டு செல்பேசியோடு நெருங்குகிறவர்கள் உண்டு. கண்ணோடு கண் பார்க்காமல், முதுகைக் காட்டி ஓடாமல், மெல்லப் பின்வாங்குங்கள். பையைப் பிடித்துவிட்டால் விட்டுவிடுங்கள். பொரி பொட்டலத்துக்காகக் கையைக் கொடுப்பானேன்? குட்டியைச் சுமக்கும் தாயின் பக்கமே போக வேண்டாம்.

பிடித்துக் காட்டில் விடச் சொல்லி ஊர்க்கூட்டங்களில் மனுக் கொடுக்கிறார்கள். அது வனத்துறையின் பொறுப்பு. அவர்கள் கொண்டுபோய் விட்டாலும், திறந்த குப்பைத்தொட்டியும் வாழைப்பழ நேர்த்திக்கடனும் இருக்கிறவரை காலியான இடத்துக்கு அடுத்த கூட்டம் வரும். விட்ட கூட்டமோ பக்கத்துக் கிராமத்தில் கூரை ஓட்டைப் பிரிக்கும்.

சுற்றுலா வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் ஊசி போட்ட நாள், பிறகு 3, 7, 28 ஆம் நாட்கள் என்று தோலுக்குள் போடும் ஊசிக்குக் கணக்கு. மிச்ச ஊசிகளை உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளலாம். நாங்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.