வெறுமையான மலைகள்: தெருவேல் சைக்கிள் சுற்றுக்குக் கிளம்பும் முன்

தெருவேல் சுற்றுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது ஏற்றத்தைப் பற்றித்தான். அடுத்த குழாய் எங்கே இருக்கிறது, அடுத்த கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை அதற்கு முன்பே விசாரித்திருக்க வேண்டும். கிழக்கு ஸ்பெயினின் அந்த மலைகளில் சிக்கிக்கொள்பவர்கள் பெரும்பாலும் மேடேற முடியாமல் சிக்குவதில்லை. ஆளே இல்லாத இடத்தில் தண்ணீரோ சாப்பாடோ ஒரு சின்ன உதிரிபாகமோ இல்லாமல்தான் சிக்குகிறார்கள்.

‘மொந்தாஞாஸ் பஸீயாஸ்’ என்றால் வெறுமையான மலைகள். தெருவேல் நகரில் தொடங்கி அங்கேயே முடியும், சுமார் 680 கிலோமீட்டர் நீளமான மவுன்டன் பைக் சுற்று இது. தெருவேல், குவாதலஹாரா, குவென்கா மாகாணங்களின் மலைப்பகுதிகளைத் தொட்டுச் செல்கிறது. மொத்த ஏற்றம் 10,000 மீட்டருக்கு மேல். பாதையில் பெரும்பகுதி காட்டுச் சாலைகளும் பழைய மண் தடங்களும்தான். பெயர் கவிதைக்காக வைத்ததல்ல. தெருவேல் மாகாணத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 9 பேர்தான் வாழ்கிறார்கள். 1950களிலும் 60களிலும் குடும்பம் குடும்பமாக வலென்சியா, பார்சிலோனா, சரகோசா என்று போய்விட்டார்கள். வரைபடத்தில் ஊர் என்று குறித்திருக்கும் இடத்தில் தேவாலயமும் பத்துப் பூட்டிய வீடுகளும் மட்டுமே இருக்கக்கூடும்.

முதலில் தண்ணீர். தாஹோ, துரியா, ஹூகர், கப்ரியெல் ஆகிய நான்கு ஆறுகளும் மொந்தெஸ் உனிவெர்சாலெஸ் மலைத்தொடரிலும் அதன் சுற்றுவட்டத்திலும்தான் பிறக்கின்றன. இத்தனை ஆறுகள் பிறக்கும் இடத்தில் தாகம் எப்படி வரும் என்று தோன்றும். காரணம் பாறை. மேட்டுநிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைநீர் விரிசல்கள் வழியே உள்ளே இறங்கி, அடிவாரத்தில் ஊற்றாக வெளிவருகிறது. அதனால் மேலே மணிக்கணக்காக ஓட்டினாலும் ஓடை இருக்காது, பள்ளத்தாக்கில் இறங்கினால் ஊற்றும் அதை ஒட்டி ஊரும் இருக்கும். ஒரு மேட்டுநிலத்தில் ஏறும் முன் அடிவாரத்திலேயே எல்லாப் பாட்டில்களையும் நிரப்புவதுதான் வழி. குறைந்தது 3 லிட்டர் கொள்ளளவு வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் 5 லிட்டர். வெயிலில் ஏறும்போது மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை வியர்வையாகப் போய்விடும்.

ஊர்க் குழாய்களிலும் ஊற்றுகளிலும் எழுதியிருப்பதைப் படியுங்கள். ‘ஆகுவா பொதாப்லே’ என்றால் குடிநீர். முன்னால் ‘நோ’ இருந்தால் குடிக்கக் கூடாது. ‘சின் கரந்தியா சனித்தாரியா’ என்றால் யாரும் பரிசோதித்து உத்தரவாதம் தரவில்லை என்று பொருள். அதை வடிகட்டியோ குளோரின் மாத்திரை போட்டோ குடிக்கலாம். வயல்களுக்குக் கீழே உள்ள ஊற்றில் உரத்தின் நைட்ரேட் இருக்கலாம், அதைச் சாதாரணக் கைவடிகட்டி நீக்காது. ஆடுமாடு குடிக்கும் கல்தொட்டியிலிருந்து முகக்காதீர்கள், தொட்டிக்குள் விழும் குழாய்நீரைப் பிடியுங்கள். ஆகஸ்டு கடைசியில் சின்ன ஊற்றுகள் வற்றிவிடும். வரைபடத்தில் இருக்கும் ஒரே ஒரு ஊற்றை நம்பி ஒரு நாளைத் திட்டமிட வேண்டாம்.

சாப்பாட்டில் ஏமாற்றுவது தூரமல்ல, கடிகாரம். ஊர்க் கடை காலையில் திறந்து மதியம் 2 மணிக்கு மூடினால் மறுபடி 5 மணி சுமாருக்குத்தான் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியே இருக்கும். சிற்றூரில் ஒரே பார்தான் உணவகமும் காப்பிக்கடையும். அதற்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. மதியச் சாப்பாடு ஒன்றரை முதல் மூன்றரை வரை, இரவுச் சாப்பாடு எட்டரைக்குப் பிறகு. மாலை 5 மணிக்குப் பசியோடு போய் நின்றால் சிப்ஸ் பொட்டலம்தான் கிடைக்கும். கடையே இல்லாத ஊர்களுக்கு ரொட்டி வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு வரும். அது வரும் நேரத்தைப் பாரில் கேட்டால் சொல்வார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பருப்புக் குழம்பு என்று வருவதில் பன்றிக் கொத்துக்கறி கலந்திருப்பது சாதாரணம். ‘தொர்த்தியா’ என்பது முட்டையும் உருளைக்கிழங்கும். இரண்டும் ஆகாதென்றால் ரொட்டி, தக்காளி, சீஸ், பழம்தான் நம்பகமானவை. யாராக இருந்தாலும் ஓர் இரவும் ஒரு காலையும் தாங்கும் உணவு பையின் அடியில் தொடப்படாமல் இருக்க வேண்டும். கால் கிலோ வேர்க்கடலையில் மட்டும் 1,400 கலோரிக்கு மேல் கிடைக்கும்.

இனி டயர். இங்கே மூன்று வகை மண், மூன்று வகைத் தொல்லை.

அல்பர்ராசின் ஊரைச் சுற்றியுள்ள பைன் காடுகளில் ‘ரொதேனோ’ என்னும் செம்மணற்கல். உதிர்ந்து மணலாகிக் கிடக்கும், முன்சக்கரம் புதையும். இந்தக் காட்டுப் பாறைகளில்தான் யுனெஸ்கோ 1998இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த வரலாற்றுக்கு முந்தைய ஓவியங்கள் உள்ளன. சைக்கிளை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பாருங்கள். பாறையைத் தொட வேண்டாம், நிறம் நன்றாகத் தெரியட்டும் என்று தண்ணீர் தெளிக்கவே வேண்டாம்.

மேட்டுநிலச் சுண்ணாம்புக்கல் கத்திபோல் கூரானது. டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். 2.3 அங்குலத்துக்குக் குறையாத, பக்கச்சுவர் தடித்த டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயர் போடுங்கள். ஓட்டுபவர் 75 கிலோ, சுமை 12 கிலோ என்றால் காற்றழுத்தம் முன்னால் 22, பின்னால் 26 பிஎஸ்ஐ சுற்றிலிருந்து தொடங்கிச் சரிசெய்யலாம். ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் ஒரு டயருக்கு 100 முதல் 120 மில்லி ஊற்றுங்கள். வறண்ட காற்றில் அது இரண்டு மூன்று மாதத்தில் உலர்ந்துவிடும் என்பதால் போன வருடம் ஊற்றியதை நம்பிக் கிளம்பாதீர்கள். முள் குத்தினால் சீலன்டே அடைத்துவிடும். 5 மில்லிமீட்டருக்கு மேல் கிழிந்தால் ஓட்டையில் செருகும் பிளக் நிற்காது. தடித்த ஊசியும் பல்லிடுக்கு நூலும் கொண்டு தைத்து, உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்து, டியூப் போட வேண்டியதுதான்.

மூன்றாவது களிமண். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். உலர்ந்திருக்கும்போது சிமென்ட் தரைபோல் ஓடும் சிவப்புத் தடம், அரை மணி நேர மழைக்குப் பிறகு பசையாகிவிடும். பைன் ஊசிகளும் வைக்கோலும் கலந்து நூறே மீட்டரில் சக்கரம் ஃபிரேமுக்குள் இறுகிச் சுற்றாமல் நின்றுவிடும். அப்போது பலரும் செய்வது பெடலை இன்னும் அழுத்துவது. மண் அடைத்த செயின், கியர் மாற்றும் பாகமான பின் டிரெய்லியரை இழுத்துச் சக்கரத்துக்குள் தள்ளும், அதை ஃபிரேமோடு இணைக்கும் ஹேங்கர் முறியும், சில சமயம் ஸ்போக்குகளும் சேர்ந்து போகும். சக்கரம் கனப்பதாகத் தோன்றியதும் இறங்குங்கள். குச்சியால் மண்ணைச் சுரண்டுங்கள், ஓரத்துப் புல்மேல் தூக்கியோ தள்ளியோ நடங்கள். அவசரம் இல்லையென்றால் காத்திருங்கள், நல்ல வெயிலும் காற்றும் இருந்தால் சில மணி நேரத்தில் மேல்மண் இறுகிவிடும். ஒவ்வொரு களிமண் பகுதிக்கும் மாற்றாக ஒரு தார்ச்சாலையை ஜிபிஎஸ்ஸில் முன்பே ஏற்றி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறு வேறு, வழியில் கிடைக்காது. இரண்டு எடுத்துச் செல்லுங்கள். கூடவே செயின் இணைப்பு இரண்டு, கியர் கேபிள் ஒன்று, பிரேக் பேட் இரண்டு ஜோடி, ஷூவைப் பெடலோடு பூட்டும் கிளீட்டின் போல்ட் இரண்டு.

பாதையின் சில பகுதிகள் ‘கன்யாதா’ எனப்படும் மந்தை வழிகள். அரசர் பத்தாம் அல்ஃபோன்ஸோ 1273இல் அங்கீகரித்த மெஸ்தா என்ற கால்நடை உரிமையாளர் சங்கத்தின் காலத்திலிருந்தே சட்டப் பாதுகாப்பு உள்ளவை. அகலம் 75 மீட்டர் வரை. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி இன்றும் பொதுச்சொத்து, சைக்கிள் ஓட்டலாம், ஆனால் மந்தைக்கே முதலிடம். குவாதலவியார் போன்ற ஊர்களில் குளிர்காலத்துக்கு மந்தைகளைத் தெற்கே நடத்திச் செல்லும் மரபு இன்னும் இருக்கிறது. வழியில் வேலிக் கதவு மூடியிருந்தால் திறந்து கடந்து மூடுங்கள். மின்வேலிக் கம்பியில் பிளாஸ்டிக் கைப்பிடி இருக்கும், அதை மட்டும் பிடியுங்கள்.

மந்தையோடு மாஸ்தின் நாய்கள் வரும். ஓநாயை விரட்டப் பழக்கியவை, வேகமாக நெருங்கும் எதையும் எதிரியாகவே பார்க்கும். தூரத்திலேயே இறங்குங்கள். சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து, மந்தையைப் பிளக்காமல் அகலச் சுற்றி நடந்து போங்கள். ஓடாதீர்கள், கல்லெறியாதீர்கள். மேய்ப்பரைக் கூப்பிட்டுக் காத்திருப்பது இன்னும் நல்லது.

குறுக்காகக் கறுப்பும் வெள்ளையுமாகப் பிரிந்த சிறு தகடு வேட்டை நிலத்தைக் குறிக்கும், அதனால் மட்டும் பாதை மூடப்பட்டதாகாது. ஆனால் இலையுதிர், குளிர்கால வாரஇறுதிகளில் ‘பத்தீதா’ என்ற பலகை வைத்திருந்தால் காட்டுப்பன்றி வேட்டை நடக்கிறது. திரும்பிவிடுங்கள், விவாதம் வேண்டாம்.

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி ஆகியவை ஏற்ற காலம். கோடையிலும் 1,500 மீட்டர் உயரத்தில் இரவு 10 டிகிரிக்குக் கீழே போகும். இதே வட்டாரத்தின் கலமோச்சாவில் 1963 டிசம்பரில் மைனஸ் 30 டிகிரி பதிவானது. இலையுதிர்கால மழையை எளிதாக எண்ண வேண்டாம். 2024 அக்டோபர் 29 அன்று பக்கத்து வலென்சியா மாகாணத்தில் வெள்ளத்தில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ‘ரம்ப்லா’ என்ற வறண்ட ஆற்றுப்படுகை சமதரையாக, கூடாரம் போட அழைப்பதுபோல் இருக்கும். வானம் தெளிவாக இருந்தாலும் அங்கே படுக்காதீர்கள், மேலே பெய்த மழை இரவில் வந்து சேரும்.

கைப்பேசி சிக்னல் பல மணி நேரம் இருக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள், தனியாகப் போனால் செயற்கைக்கோள் கருவி ஒன்று வேண்டும். அவசர எண் 112, எந்த நிறுவனத்தின் சிக்னலிலும் போகும். ஊர்களுக்கு இடையிலான சாலைகளில் ஹெல்மெட் கட்டாயம். தெருவேலைச் சுற்றிய மேடுகளில் 1937–38 குளிர்காலத்தில் உள்நாட்டுப் போரின் கடும் சண்டை நடந்தது. பதுங்குகுழிகளின் அருகே துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல், இடத்தைக் குறித்து 112க்குச் சொல்லுங்கள்.

ஹவாலம்ப்ரே மலையின் உச்சி 2,020 மீட்டர், தெருவேல் நகரம் 900 மீட்டர் சுமார். சுமையோடு இறங்கும் அந்த ஆயிரம் மீட்டரில் தேய்ந்த பிரேக் பேட் உலோகம் தட்டும் அளவுக்குப் போய்விடும். மேலேயே சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். பேடில் தேயும் பகுதி 1 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அங்கேயே மாற்றிவிட்டு இறங்குங்கள்.