ராடியோவில் தொடங்கும் யிட்டிஷ்

வலமிருந்து இடமாக ஐந்து எழுத்துகள். முதலில் ஒரு கொக்கி. அடுத்து, சாய்ந்த கோட்டில் இரண்டு கைகள் முளைத்தாற்போல் ஓர் எழுத்து. அதன் அடியில் சிறு கோடு. மூன்றாவது, முதல் கொக்கியேதான், ஆனால் மூலை கூராக இருக்கிறது. நான்காவது காற்புள்ளி அளவே உள்ள துணுக்கு. கடைசியில் மறுபடி அந்தச் சாய்ந்த எழுத்து. இம்முறை அடிக்கோட்டின் நடுவிலிருந்து ஒரு வால் தொங்குகிறது.

இது 'ராடியோ' என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், ஐந்தும் பிடிபட்டுவிடும். ரெய்ஷ் என்பது ர், கோடிட்ட ஆலெஃப் ஆ, டாலெட் என்பது ட், யூட் இ, வால் தொங்கும் ஆலெஃப் ஓ. யிட்டிஷ் என்பது எபிரேய எழுத்தில் எழுதப்படும் ஐரோப்பிய யூதர்களின் மொழி. அதைப் படிக்க விரும்புகிறவர் எழுத்துப் பட்டியலை மனப்பாடம் செய்து தொடங்க வேண்டியதில்லை. உலகம் முழுவதும் சுற்றிவரும் இத்தகைய கடன்சொற்களில் தொடங்கலாம்.

அடுத்து 'டெலெஃபோன்'. ஏழு எழுத்து கொண்ட இச்சொல்லை எட்டி நின்றே அடையாளம் காணலாம். எபிரேய எழுத்துகளில் வரிக்கு மேலே தலை நீட்டுவது லாமெட் ஒன்றுதான், அது ல். அதன் இருபுறமும் உண்டிவில் கவட்டை போன்ற ஐயின், இரண்டு முறையும் எ. சொல்லின் இறுதியில் வரிக்குக் கீழே நீண்டு இறங்குவது ன்; சொல் முடிவில் மட்டுமே இந்த வடிவம் வரும். இரண்டே சொற்களில் பத்து எழுத்துகள் கைக்கு வந்துவிட்டன. அவற்றைக் கொண்டே 'டாட்டெ' என்று படிக்கலாம். அப்பா என்று பொருள். 'ரெட்ன்' என்றும் படிக்கலாம். பேசுவது என்று பொருள். இவை கடன்சொற்கள் அல்ல, வீட்டுப் பேச்சின் சொற்கள். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இது ஏன் பலிக்கிறது? எபிரேய எழுத்துமுறை பெரும்பாலும் மெய்யொலிகளையே எழுதும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ரைன் நதிக்கரை யூதர்களிடையே உருவான யிட்டிஷ், அடிப்படையில் ஜெர்மானிய மொழி. அதற்கு உயிரெழுத்துகள் தேவைப்பட்டன. எனவே, தன் பேச்சில் இல்லாத தொண்டை ஒலிகளுக்குரிய எழுத்துகளை உயிரொலிகளுக்கு எடுத்துக்கொண்டது. பினீசியரிடம் எழுத்தைப் பெற்ற கிரேக்கர்கள் செய்ததும் இதையே. உயிரொலி எழுத்திலேயே இருப்பதால், கூட்டிப் படிக்கப் படிக்கச் சொல் காதில் விழுகிறது. முன்பே அறிந்த சொல்லாக அது ஒலித்ததும், ஒவ்வோர் எழுத்தும் தன் ஒலியோடு மனத்தில் பதிகிறது. குழந்தைகள் படிக்கப் பழகுவதை உளவியலாளர் டேவிட் ஷேர் 1995இல் இப்படித்தான் விளக்கினார்: ஒவ்வொரு முறை ஒலித்துப் படிக்கும்போதும் படிப்பவர் தனக்குத்தானே ஆசிரியர்.

நமக்கும் இது பழக்கமானதே. 'பல்', 'பஸ்' இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. ஆனால் நாம் இரண்டையும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. சொல் தெரிந்திருப்பதால் ஒலி தானாக வருகிறது.

தெரிந்த சொல் ஏமாற்றவும் செய்யும். 'கிண்ட்' என்று படித்ததும் ஆங்கிலம் அறிந்தவருக்கு 'வகை' என்றோ 'அன்பான' என்றோ தோன்றலாம்; யிட்டிஷில் அது குழந்தை.

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. எபிரேயத்திலிருந்து வந்த சொற்கள் தங்கள் பழைய எழுத்துக்கோவையையே வைத்துக்கொண்டன. ஓய்வு நாளைக் குறிக்கும் 'ஷாபெஸ்' மூன்று மெய்யெழுத்துகளாக நிற்கும். 'எமெஸ்', அதாவது உண்மை, அதுவும் மூன்றே எழுத்து. இவற்றைக் கூட்டிப் படிக்க வழியில்லை. ஒவ்வொன்றையும் முகம் போலப் பழக வேண்டும். சோவியத் ஒன்றியம் இந்த மரபை உடைத்து, ஒலிப்பதுபோலவே எழுதச் செய்தது. மாஸ்கோவில் வெளிவந்த 'டெர் எமெஸ்' நாளிதழ் தன் பெயரையே நான்கு எழுத்தில், இரண்டு ஐயின்களோடு அச்சிட்டது. புதிதாகப் படிப்பவருக்கு அது எளிது.

ஆனால் இரண்டாம் உலகப் போருக்கு முன் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பேசிய மொழி இது. நாஜி இனப்படுகொலையில் அவர்களில் ஏறத்தாழ ஐம்பது லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். புத்தகங்கள் வாசகர்களை இழந்தன. 1980 முதல் அவற்றைத் திரட்டிவரும் அமெரிக்காவின் யிட்டிஷ் புத்தக மையம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளை மீட்டு, ஆயிரக்கணக்கான நூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வார்சாவிலும் வில்னாவிலும் நியூயார்க்கிலும் அச்சான அந்தப் பக்கங்களில் 'எமெஸ்' மூன்று எழுத்தில்தான் இருக்கிறது.