மூச்சில் விளையும் முட்டை ஓடு

ராமேஸ்வரத்தை அடுத்த மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். வீட்டில் பன்னிரண்டு நாட்டுக்கோழி. கடைத் தீவனம் கட்டுப்படியாகாமல் கம்பு, குருணை, தவிடு, புண்ணாக்கு, கருவாட்டுத் தலை என்று தானே கலந்து போடுகிறார். மாசி வரை குறையில்லை. சித்திரை பிறந்ததும் ஓடு இறுகாத தோல்முட்டை விழுகிறதாம். "கிளிஞ்சலும் இடிச்சுத்தான் போடுறேன். பக்கத்து வீட்டு மதினி, கண்ணு பட்டிருக்கும், மிளகா சுத்திப் போடுங்கறாங்க."

மிளகாயைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கலவையை முதலில் முடித்துவிடுவோம். 10 கிலோவுக்குத் தானியம் 6.5, தவிடு 1.5, கடலைப் புண்ணாக்கு 1, உப்புப் போடாமல் காயவைத்த சங்காயம் (வலையில் சேர்ந்து வரும் கழிவு மீன்) 1. புரதம் சுமாராக 17 சதவீதம் வரும். தானியத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் லைசின், மெத்தியோனின் என்ற புரதக் கூறுகள் குறைவு. அந்தப் பள்ளத்தை மீன் நிரப்புகிறது. பூஞ்சை மணக்கும் புண்ணாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். கிளிஞ்சலைக் கலவையில் சேர்க்காமல் தனிச் சிரட்டையில் வையுங்கள். முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் மூன்றரை, நான்கு சதவீதம் கால்சியம் வேண்டும். குஞ்சுக்கு ஒரு சதவீதம் போதும், அதற்கு மேல் போனால் சிறுநீரகம் கெடும்.

இனி ஓட்டுக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

ஓடு என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கிளிஞ்சலும் அதேதான். அப்படியானால் கோழி கிளிஞ்சலைத் தின்று ஓடாக மாற்றுகிறது என்றுதான் நினைக்கத் தோன்றும். பாதிதான் உண்மை. கிளிஞ்சல் இரைப்பை அமிலத்தில் கரையும்போது கார்பனேட் பகுதி கரியமில வாயுவாகப் பிரிந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புக் கட்டி மேல் அமிலம் ஊற்றி நுரை பார்த்தோமே, அதேதான். கால்சியம் மட்டும் குடல் வழியே ரத்தத்துக்குப் போகிறது. ஒரு முட்டைக்கு அது சுமார் 2 கிராம்.

மீதிப் பாதியான கார்பனேட்? கோழியின் உடம்பு தானியத்தை எரிக்கும்போது உண்டாகும் கரியமில வாயுவிலிருந்து வருகிறது. நாம் வேண்டாமென்று வெளியே விடும் அதே மூச்சுக்காற்று! ஓடு உருவாகும் முட்டைப்பையில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி அதைத் தண்ணீரோடு சேர்த்து பைகார்பனேட் ஆக்குகிறது. அது கால்சியத்தைப் பிடித்துப் படிகமாய் உறைகிறது. ஓடு முடிய இருபது மணி நேரம் ஆகும், பெரும்பகுதி ராத்திரியில். 1944-இல் சல்ஃபனிலமைடு மருந்து கொடுத்து இந்த நொதியை முடக்கிப் பார்த்தார்கள். கோழிகள் ஓடில்லாத முட்டை போட்டன.

இப்போது உச்சி வெயிலில் சீமைக்கருவேல நிழலில் நிற்கும் உங்கள் கோழியைப் பாருங்கள். இறக்கையை விரித்து, அலகைத் திறந்து, தொண்டை படபடவென்று அடிக்க இளைக்கிறது. கோழிக்கு வியர்வை கிடையாது. அப்படித்தான் சூட்டை இறக்கும். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் ஓட்டுக்கான சரக்கு காற்றோடு போகிறது. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்தால் கார்பனேட்டும் குறையும். சிரட்டை நிறையக் கிளிஞ்சல் இருந்தும் முட்டை தோலாக விழுவது இதனால்தான். 1985-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெக்கையில் தவித்த கோழிகளுக்குக் கரியமில வாயு கரைந்த சோடாத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள், ஓடு தேறியது. கோலி சோடா உடைக்கச் சொல்லவில்லை, கட்டுப்படியாகாது.

நம் கடற்கரைக்கு இன்னொரு வில்லங்கம் உப்பு. உப்புத் தண்ணீர் குடிக்கும் கோழிகளில் அந்த நொதியின் வேகமே குறைந்து ஓடு மெலிகிறது என்று ஆஸ்திரேலியாவில் 1980-களில் கண்டார்கள். அங்கேயும் நிலத்தடி நீர் உவர்தான். உங்கள் கிணறு உவர், கருவாட்டுத் தலையோ உப்பில் ஊறியது. இரண்டும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்! கூண்டுக் கோழிக்கு எத்தனையோ ஆராய்ச்சி நடக்கிறது. உவர்நீர் குடித்து வெயிலில் மேயும் நாட்டுக்கோழிக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கினால் என்ன என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஆதங்கம்.

ஆகவே, கருவாட்டுத் தலைக்குப் பதில் உப்பில்லாச் சங்காயம். குடிக்க நல்ல தண்ணீர், மண்பானை ஓட்டில், நிழலில். தீவனத்தை விடிகாலையிலும் வெயில் தாழ்ந்தும் போடுங்கள். கிளிஞ்சலை மாவாக்காதீர்கள்; உடைத்த துவரம்பருப்பு அளவு இருந்தால்தான் அரைப்பையில் தங்கி ராத்திரி முழுக்கக் கரையும். எங்கள் வீட்டுக் கோழிகள் பகலெல்லாம் சிரட்டையைச் சீண்டாது. நாலரை, ஐந்து மணிக்கு மேல் பார்த்தால் டக் டக்கென்று அதில்தான் கொத்திக்கொண்டிருக்கும். ராத்திரி வேலைக்குச் சரக்கு ஏற்றுகின்றன.

கிளிஞ்சலுக்கு மட்டி ஓடே போதும். கரையில் ஒதுங்கியதுதானே என்று பவளத்துண்டைப் பொறுக்கி இடித்துவிடாதீர்கள். பவளப்பாறைக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; கோழிக்காக வழக்கு வாங்க வேண்டாம்.