அருகிய இனம்: சொல் விளக்கம்

'அருகுதல்' என்றால் மெல்ல மெல்லக் குறைதல், அரிதாதல். பக்கம் என்று பொருள் தரும் 'அருகு' வேறு. எப்போதாவது மட்டும் காணப்படும் சொல்லாட்சியை இலக்கணத்தில் 'அருகிய வழக்கு' என்பார்கள். உயிரியலில் 'அருகிய இனம்' என்பதும் இதே வினையிலிருந்து வந்ததுதான்.

உயிரினங்களை அழியும் ஆபத்தின் அளவுப்படி வகைப்படுத்தும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் 'அச்சுறு நிலை' என்பது, ஆபத்து கூடிக்கொண்டே போகும் மூன்று படிகளுக்குப் பொதுப்பெயர்: அழிவாய்ப்பு இனம், அருகிய இனம், மிக அருகிய இனம். 'அச்சுறு நிலை' எனக்கு அவ்வளவு பிடித்த சொல் அல்ல. செடியை யாரோ மிரட்டுவது போல இருக்கிறது.

சரி, 'அரிய', 'அருகிய' இரண்டும் ஒன்றா? இங்கிலாந்துச் செடிகள் இரண்டைப் பார்க்கலாம்.

முதலாவது, லேடிஸ் ஸ்லிப்பர் என்ற காட்டு ஆர்க்கிட். அழகே அதற்கு எமனானது. பூவைப் பறித்தார்கள், தோட்டத்தில் வைக்கக் கிழங்கோடு தோண்டிப் போனார்கள். 1917-ல் அழிந்தே போய்விட்டது என்று முடிவுகட்டிய பிறகு, 1930-ல் யார்க்‌ஷையரில் ஒரே ஒரு செடி கிடைத்தது. இடத்தை ரகசியமாக வைத்துப் பல ஆண்டுகள் காவல் காத்தார்கள். அப்புறம் கியூ தாவரவியல் பூங்காவில் விதையிலிருந்து நாற்று வளர்த்து மீண்டும் காட்டில் நட்டார்கள். ஆர்க்கிட் விதை தூசியளவுதான். உள்ளே சேமித்த உணவு கிடையாது, துணைக்குப் பூஞ்சை இல்லாமல் காட்டில் முளைக்காது. அதனால் இது சுலபமான வேலை அல்ல.

இரண்டாவது, டெர்பிஷையர் இறகு மாஸ். ('பாசி' என்று எழுதினால் குளத்துப் பாசியும் அதில் அடங்கிவிடும், 'மாஸ்' என்பதே தெளிவு.) உலகத்திலேயே டெர்பிஷையரின் சுண்ணாம்புக்கல் பகுதி ஒன்றில், ஓடைநீர் படும் பாறையில் சில சதுர மீட்டர் பரப்பில்தான் இது இருக்கிறது. பறிக்க ஆள் வரவேண்டியதில்லை, அந்த நீர் வற்றினாலோ மாசுபட்டாலோ போதும்.

இருந்து குறைந்தது ஆர்க்கிட்; ஆகவே சொல்லின் நேர்ப்பொருளில் அதுதான் 'அருகியது'. மாஸ் பரவலாக இருந்ததாகப் பதிவே இல்லை, அது 'அரியது'. ஆனால் உலகச் சிவப்புப் பட்டியலில் 'மிக அருகிய இனம்' மாஸ்தான்! ஆர்க்கிட் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வேறு பல இடங்களில் பூப்பதால், அதே பட்டியலில் கவலை குறைந்த பிரிவில் நிற்கிறது.

ஆகவே எழுதும்போது எல்லையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 'இங்கிலாந்தில் அருகியது', 'உலக அளவில் மிக அருகியது'. மூன்று படிகளையும் பொதுவாகச் சுட்ட 'அழியும் நிலையில் உள்ள இனம்' போதும்.