பார்த்த பாடமும் வராத விடையும்

வயிற்று வலி என்று வந்தாள் அந்தப் பிளஸ் டூ மாணவி. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் நார்மல். குடல் நோய் மருத்துவர்தான் என்னிடம் அனுப்பியிருந்தார். மனநல மருத்துவரிடம் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படிச் சுற்றித்தான் வந்து சேர்கிறார்கள்.

"ராத்திரி ஒரு மணி வரைக்கும் போன்ல கிளாஸ் பாக்குறா டாக்டர். பரீட்சையில உக்காந்தா எல்லாம் மறந்துடுதுங்குறா," என்றார் அம்மா.

முந்தின இரவு பார்த்தது மின்னோட்டவியல். இரண்டு மணி நேர வீடியோ, ஒன்றரை மடங்கு வேகத்தில். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் கொடுத்து, "வீட்ஸ்டோன் சமனச்சுற்றைப் போடும்மா" என்றேன். நான்கு மின்தடைகளையும் அழகாகச் சாய்சதுரமாக வரைந்தாள். கால்வனாமீட்டர் எந்த இரண்டு முனைக்கு நடுவில் என்கிற இடத்தில் பேனா நின்றுவிட்டது. கண் கலங்கியது. "நேத்து பாக்கும்போது புரிஞ்சுது டாக்டர்."

அவள் பொய் சொல்லவில்லை, புரிந்துதான் இருக்கிறது. ஆனால் இன்னொருவர் போட்டுக் காட்டுவதைத் தொடர்ந்து போவது ஒரு வேலை. வெற்றுத்தாளில் தானே கொண்டுவருவது வேறு வேலை. 2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். இதில் வேடிக்கை, திரும்பப் படித்தவர்களுக்குத்தான் நம்பிக்கை அதிகமாக இருந்தது.

போனில் பாடம் பார்ப்பது 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது ஒட்டிக்கொண்ட பழக்கம். வகுப்பில் "எழுந்திரு, சொல்லு" என்று ஆசிரியர் கேட்பது நமக்கெல்லாம் வயிற்றைக் கலக்கும். இருந்தும், தெரியாதது அங்கேயே தெரிந்துவிடும். கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது பரீட்சை அறையில்தான் தெரியவருகிறது. பயம் வராமல் என்ன செய்யும்? அந்தப் பயம்தான் வயிற்று வலியாக வெளியே வருகிறது. போதாததற்குத் தூக்கமும் நாலு மணி நேரம்தான். படித்தது மூளையில் நன்றாகப் படியத் தூக்கம் வேண்டும்.

மாத்திரை எதுவும் எழுதவில்லை. இருபது நிமிட வீடியோ, பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெற்றுத்தாளில் எழுதுவது, விட்டதைப் புத்தகம் பார்த்துச் சிவப்புப் பேனாவால் சேர்ப்பது. இரவு பத்தரைக்கு மேல் போன் அம்மா அறையில். "இப்படிப் போனா போர்ஷன் முடியாதே டாக்டர்," என்று அம்மாதான் சண்டைக்கு வந்தார். முடிக்காமல் விடும் பாடத்தைவிட, முடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் பாடம்தான் எனக்குக் கவலை.

பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறினால் அதே ஆண்டு துணைத்தேர்வு எழுதலாம். இதை ரிசல்ட் வருவதற்கு முன்பே வீட்டில் சொல்லி வையுங்கள். பிள்ளை "இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி பேசினால், பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் கூட்டி வாருங்கள். நள்ளிரவானாலும் அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

மூன்றாவது முறை வந்தபோது ரஃப் நோட்டைக் கொண்டுவந்தாள். முதல் சில பக்கங்களில் நாலைந்து வரி நீலம், மீதியெல்லாம் சிவப்பு. வலி போய்விட்டதா என்று கேட்டேன். "பரீட்சை அன்னிக்குக் காலையில மட்டும் வருது டாக்டர்," என்றாள். எனக்கும் அந்தக் காலத்தில் வந்தது என்றேன். அம்மா முறைத்தார்.