பதில் வர எத்தனை வினாடி? தரவுத்தள இணைப்புக் கோளாறைப் படிக்கும் முறை

மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரோடு பழகியவர்களுக்கு ஒரு பிழைச் செய்தி மனப்பாடமாகியிருக்கும். நெட்வொர்க் சார்ந்த அல்லது இன்ஸ்டன்ஸ் (அந்த மென்பொருளின் ஒரு தனி நிறுவல்) சார்ந்த பிழை நேர்ந்துவிட்டது, சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை அல்லது அணுக முடியவில்லை, பெயர் சரியா என்று பாருங்கள், வெளி இணைப்புகளுக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள் என அது நீண்டுகொண்டே போகும். எல்லாச் சாத்தியங்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால் உருப்படியாக எதையும் சொல்லாத செய்தி அது. அதைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, அது திரையில் தோன்ற எத்தனை வினாடி ஆயிற்று என்று கவனிப்பது அதிகப் பலன் தரும்.

வழக்கமான ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். கடை ஒன்றில் நான்கு கணினிகள். ஒன்றில் எஸ்க்யூஎல் சர்வரின் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அந்தக் கணினியின் ஐபி முகவரி 192.168.1.10. அதில் உட்கார்ந்தால் பில் போட முடிகிறது, மற்ற மூன்றிலும் முடிவதில்லை. "இங்கே ஓடுகிறதே, அப்படியானால் சர்வர் சரியாகத்தான் இருக்கிறது" என்று உடனே முடிவு கட்டிவிடுவார்கள். பாதிதான் சரி. ஒரே கணினிக்குள் பேசும்போது எஸ்க்யூஎல் சர்வர் பெரும்பாலும் நெட்வொர்க்கைத் தொடுவதே இல்லை. பகிர்ந்த நினைவகத்தின் வழியாகக் காரியத்தை முடித்துக்கொள்கிறது. லினக்ஸில் மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளமும் அப்படித்தான்: லோக்கல்ஹோஸ்ட் (இதே கணினி) என்று கொடுத்தால் சாக்கெட் கோப்பு ஒன்றின் வழியாகப் போய்விடும். தரவுத்தளம் உயிரோடு இருக்கிறது என்பது மட்டுமே நிரூபணமாகியிருக்கிறது. வெளியிலிருந்து வருபவரை வரவேற்க அது தயாராக இருக்கிறதா என்பது இன்னும் தெரியாது.

வெளியிலிருந்து வரும் இணைப்பு டிசிபி நெறிமுறைப்படி மூன்று பொட்டலங்களில் (சிறு தரவுத் துண்டுகளில்) தொடங்குகிறது. கேட்கும் கணினி 'சின்' பொட்டலத்தை அனுப்பும். சர்வர் 'சின்-ஆக்' என்று ஏற்றுக்கொள்ளும். கேட்டவர் 'ஆக்' என்று உறுதிசெய்வார். ஒரே கட்டடத்துக்குள் என்றால் இத்தனையும் ஓரிரு மில்லிவினாடிகளில் முடிந்துவிடும். முடியாதபோது, அது எப்படி முடியாமல் போகிறது என்பதில்தான் தடயம் இருக்கிறது.

சின் பொட்டலம் சர்வர் கணினியை அடைந்து, அது தேடிவந்த போர்ட்டில் (ஒரு மென்பொருள் காத்திருக்கும் எண்ணிட்ட வாசல்) எந்த மென்பொருளும் காத்திருக்கவில்லையென்றால், இயங்குதளம் 'ரீசெட்' பொட்டலத்தைத் திருப்பி அனுப்பும். கேட்டவருக்கு "இணைப்பு மறுக்கப்பட்டது" என்ற பிழை கிடைக்கும். லினக்ஸில் அதன் எண் 111, விண்டோஸில் 10061. லினக்ஸில் இது கண்ணிமைக்கும் நேரத்தில் வரும். விண்டோஸ் விடாப்பிடியாக இன்னும் ஓரிரு முறை கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொள்ளும் என்பதால் ஓரிரு வினாடி ஆகலாம். கதவைத் தட்டும்போது உள்ளிருந்து "வீட்டில் யாரும் இல்லை" என்று குரல் வந்தால் என்ன அர்த்தமோ, அதேதான் இங்கும். முகவரி சரி, கேபிள் சரி, பொட்டலம் போய்ச் சேருகிறது. கேபிளைப் பிடுங்கிச் செருகுவதை அத்துடன் நிறுத்திவிட்டு, சர்வர் மென்பொருளின் அமைப்புகளைத் திறக்கலாம்.

வழியில் ஒரு ஃபயர்வால், அதாவது பொட்டலங்களைத் தடுக்கும் காவலாளி, பொட்டலத்தை விழுங்கிவிட்டால் கதையே வேறு. பதிலே வராது. கேட்கும் கணினி 1 வினாடி, 2 வினாடி, 4 வினாடி என்று இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே மறுபடியும் அனுப்பிப் பார்க்கும். நெடுங்காலமாக லினக்ஸில் இருந்துவந்த இயல்பான அமைப்பின்படி முதல் முயற்சிக்குப் பிறகு 6 மறுமுயற்சிகள். மொத்தம் 127 வினாடிகள் கழித்தே அது கைவிடும். விண்டோஸ் சுமார் 21 வினாடிகளில் 10060 என்ற எண்ணோடு ஒதுங்கிக்கொள்ளும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் எழுதிய மென்பொருளுக்கு அவ்வளவு பொறுமைகூடக் கிடையாது. இயல்பாக அதற்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் 15 வினாடி. பிழை எப்போதும் சரியாக 15 வினாடியில் வருகிறதென்றால், அது நெட்வொர்க் சொன்ன பதில் அல்ல, மென்பொருளே சலித்துப்போய்ச் சொன்னது.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அந்த ஐபி முகவரி உள்நெட்வொர்க்கில் யாரிடமும் இல்லையென்றால், லினக்ஸ் ஏறக்குறைய 3 வினாடிகளில் "அங்கே போக வழியில்லை" என்று சொல்லிவிடும். மின்தடைக்குப் பிறகு ரௌட்டர் சர்வருக்கு வேறு முகவரியைக் கொடுத்திருந்தால் நடப்பது இதுதான். சர்வருக்கு நிலையான முகவரி கொடுக்காமல் விட்ட கடைகளில் இது அடிக்கடி நேரும்.

இந்தக் கணக்கைக் குழப்பக்கூடிய விதிவிலக்கு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் ஃபயர்வால் இயங்கும்போது, யாரும் காத்திராத போர்ட்டுக்குக்கூட ரீசெட் அனுப்பாமல் வாயை மூடிக்கொள்ளும். வேவு பார்க்க வருபவருக்கு எந்தத் தகவலும் போகக்கூடாது என்பது அதன் கொள்கை. எனவே எதிரில் இருப்பது விண்டோஸ் என்றால், மௌனம் வழியடைப்பையும் குறிக்கலாம், சர்வர் மென்பொருள் காத்திருக்கவே இல்லை என்பதையும் குறிக்கலாம்.

இரண்டையும் பிரித்தறிய, மறுமுனைக் கணினி பதில் தருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையை இயக்கிப் பார்ப்பவர்கள் ஏராளம். பிங் பயன்படுத்துவது ஐசிஎம்பி என்ற வேறொரு நெறிமுறையை. அதற்குப் போர்ட் என்பதே கிடையாது. பிங் வந்தாலும் எஸ்க்யூஎல் சர்வர் வழக்கமாகக் காத்திருக்கும் 1433 போர்ட் அடைபட்டிருக்கலாம், பிங் வராவிட்டாலும் 1433 திறந்திருக்கலாம். சர்வர் கணினியிலேயே, திறந்திருக்கும் போர்ட்டுகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட் கட்டளையை இயக்கிப் பார்ப்பதே நேர்வழி. பட்டியலில் 0.0.0.0:1433 என்ற வரி இருந்தால் எல்லாத் திசையிலிருந்தும் கேட்கத் தயார் என்று பொருள். 127.0.0.1:1433 என்று மட்டும் இருந்தால் அது தன்னோடு தானே பேசிக்கொள்ளும் முகவரி. பக்கத்து மேசைக் கணினிக்குக்கூட அது எட்டாது. 1433 இல்லவே இல்லையென்றால், டிசிபி அணைந்திருக்கிறது அல்லது சர்வர் வேறு எண்ணில் உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்பிரஸ் பதிப்பில் டிசிபி முதலிலிருந்தே அணைந்தேதான் வருகிறது. எஸ்க்யூஎல் சர்வரின் அமைப்புக் கருவியான கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதை இயக்கி, சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும். மறுதொடக்கத்தை மறந்துவிட்டு மாலை வரை மற்றதையெல்லாம் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளமும் இயல்பாகத் தன் 5432 போர்ட்டை உள்ளூருக்கு மட்டுமே திறந்து வைக்கிறது. பல லினக்ஸ் பதிப்புகளில் மைஎஸ்க்யூஎல்லின் 3306 போர்ட்டும் அப்படியே.

ஏன் இப்படி மூடி வைத்து அனுப்புகிறார்கள் என்று எரிச்சல்படுபவர்கள் 2003 ஜனவரி 25 அன்று நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்க்யூஎல் ஸ்லாமர் என்ற புழு நிரல் அன்று பரவியது. அதன் அளவு 376 பைட்; டிசிபி போல முதலில் இணைப்பை ஏற்படுத்தாமலே அனுப்பப்படும் ஒரே ஒரு யுடிபி பொட்டலத்தில் அடங்கிவிடும். தொற்றிய கணினிகளின் எண்ணிக்கை தொடக்கத்தில் 8.5 வினாடிக்கு ஒருமுறை இரட்டிப்பானது. பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருந்த கணினிகளில் சுமார் 90 சதவீதம் பத்தே நிமிடங்களில் விழுந்தன. குறைந்தது 75,000 கணினிகள். தென்கொரியாவில் இணையம் ஏறக்குறைய நின்றுபோனது, அமெரிக்காவில் பணம் தரும் இயந்திரங்கள் முடங்கின. அது நுழைந்த வழி 1434 என்ற யுடிபி போர்ட். ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஆறு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. ஆனால் வேறு மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வந்த தரவுத்தள இயந்திரம் தங்கள் கணினியில் இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரியாததைத் திருத்துவது எப்படி? தேவைப்பட்டவர்கள் திறந்துகொள்ளட்டும் என்ற எச்சரிக்கையோடு எஸ்க்யூஎல் சர்வரின் 2005 பதிப்பு வந்தது. அந்த ஒரு நாளை நினைத்தால் டிசிபியை இயக்கும் நாலு சொடுக்குகள் பெரிய தண்டனையாகத் தெரியவில்லை.

அதே 1434 போர்ட்தான் இன்றும் நம் கடையின் மூன்று கணினிகளைத் தடுக்கக்கூடும். எக்ஸ்பிரஸ் பதிப்பு தனிப்பெயர் கொண்ட இன்ஸ்டன்ஸாக நிறுவப்படுவதால் அதற்கு 1433 என்ற நிலையான எண் கிடைப்பதில்லை. சேவை தொடங்கும்போது ஏதோ ஒரு காலி எண்ணை எடுத்துக்கொள்ளும். அந்த எண் என்ன என்று கேட்பவருக்குச் சொல்வது பிரவுசர் என்ற துணைச் சேவையின் வேலை. அது காத்திருப்பது 1434இல். அந்தச் சேவை அணைந்திருந்தாலோ ஃபயர்வால் அந்த யுடிபி போர்ட்டை அடைத்திருந்தாலோ, "சர்வரை அல்லது இன்ஸ்டன்ஸைக் கண்டறிவதில் பிழை: 26" என்று வரும். என்னைக் கேட்டால் இந்த விசாரணையையே தவிர்த்துவிடலாம்: நிலையான போர்ட் ஒன்றைக் கொடுத்துவிட்டு, இணைப்பு முகவரியில் 192.168.1.10,1433 என்று நேராக எழுதிவிட வேண்டும். நடுவில் இருப்பது காற்புள்ளி. மற்ற எல்லா இடங்களிலும் முக்காற்புள்ளி போட்டுப் பழகிய கை இங்கேதான் தடுமாறும்.

பிறகு ஃபயர்வாலில் அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும், உள்நெட்வொர்க் முகவரிகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். ஃபயர்வாலையே அணைத்துவிட்டு "இப்போது வருகிறதா பாருங்கள்" என்பது சோதனைக்கு இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளக்கூடியது. அப்படியே விட்டுவிட்டுப் போவது அயோக்கியத்தனம். அனுமதி கொடுத்தும் வரவில்லையென்றால், விண்டோஸ் அந்த நெட்வொர்க்கைப் பொது நெட்வொர்க் என்று வகைப்படுத்தி, தனியார் நெட்வொர்க்குக்கு எழுதிய விதியைக் கண்டுகொள்ளாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு திரையில் 18456 என்ற எண்ணோடு "உள்நுழைவு தோல்வி" என்று வந்தால் மகிழ்ச்சியடையலாம். நெட்வொர்க் முழுக்கச் சரியாகிவிட்டது. இப்போது பேசுவது தரவுத்தளமே. காரணத்தை அது கேட்டவரிடம் சொல்லாது, வேண்டுமென்றே மறைக்கும். சர்வரின் பதிவேட்டில்தான் உண்மை இருக்கும்: நிலை 5 என்றால் அப்படியொரு பயனரே இல்லை, 8 என்றால் கடவுச்சொல் தவறு. மைஎஸ்க்யூஎல்லில் பயனர் பெயரோடு அவர் எங்கிருந்து வருகிறார் என்பதும் கணக்கின் ஒரு பகுதி. லோக்கல்ஹோஸ்டிலிருந்து வரும் குமாரும் 192.168.1.15இலிருந்து வரும் குமாரும் அதற்கு இரண்டு வெவ்வேறு ஆட்கள். ஒருவருக்குக் கொடுத்த அனுமதி மற்றவருக்குச் செல்லாது.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு, சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்தால் மட்டும் முதல் பில்லில் பிழை வருகிறது என்றால் சந்தேகம் வேறு பக்கம் திரும்ப வேண்டும். சும்மா கிடக்கும் இணைப்பை நடுவழிச் சாதனங்கள் மறந்துவிடும். அமேசான் மேகச் சேவையில் உள்நெட்வொர்க்கை இணையத்தோடு இணைக்கும் நேட் கேட்வே அதற்குக் கொடுக்கும் கெடு 350 வினாடி. இரு முனைக் கணினிகளோ இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். "இருக்கிறாயா" என்று விசாரிக்கும் டிசிபியின் வசதி லினக்ஸில் இயல்பாக 2 மணி நேரத்துக்குப் பிறகுதான் முதல் கேள்வியைக் கேட்கும், அதுவும் மென்பொருள் அதை இயக்கி வைத்திருந்தால். அந்த 7200 வினாடியை 300 ஆகக் குறைத்தால் இணைப்பு அறுபடாது.