சரிவின் நடுப்பகுதியை யார் காப்பது?

திருநெல்வேலி மாவட்டத்தின் மணிமுத்தாறு அணையிலிருந்து மாஞ்சோலை வழியாகக் குதிரைவெட்டிக்கு மலை ஏறுகிறவர்கள், சில மணி நேரத்துக்குள் காடே வேறாகிவிடுவதைக் கவனித்திருப்பார்கள். அடிவாரத்தில் முட்புதர், சற்று மேலே இலையுதிர் காடு, வழியிலுள்ள ககாச்சியை நெருங்கும்போது வெடிபலா, நாங்கு மரங்கள் அடர்ந்த பசுமைமாறாக் காடு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறைகிறது. மழையும் மூடுபனியும் கூடுகின்றன. இத்தகைய சரிவில் எந்த உயிர் எந்த உயரத்தில் வாழ்கிறது, ஏன் அதைத் தாண்டுவதில்லை என்று பதிவு செய்வதே களச் சூழலியலாளராகிய எங்கள் வேலை.

குளிர்நாட்டு உயிரினம் கடுங்குளிரையும் கோடையையும் ஒரே இடத்தில் தாங்கப் பழகியது. வெப்பமண்டல மலையிலோ ஓர் உயரத்தின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே இங்குள்ளவை குறுகிய வெப்ப எல்லைக்குள் பழகிவிடுகின்றன என்றும், உயர வேறுபாடே அவற்றுக்குப் பெருந்தடையாகிறது என்றும் அமெரிக்கச் சூழலியலாளர் டேனியல் ஜான்சென் 1967இல் எடுத்துரைத்தார்.

ககாச்சியின் மழை இரவுகளில் இக்கருத்தை எனக்குக் கண்முன் காட்டியது ஒரு சிறு புதர்த்தவளை. ஓடையோரத்து மூங்கிலின் கணுக்களுக்கு இடையே உள்ள சிறு பிளவின் வழியாக அது உள்ளே நுழைந்து, அந்தக் குழலுக்குள்ளேயே முட்டையிடுகிறது. ஆண் தவளை காவல் இருக்கிறது. தலைப்பிரட்டைப் பருவம் இல்லை. முட்டையிலிருந்து நேரே தவளைக் குஞ்சுதான் வெளிவருகிறது. குளமோ குட்டையோ தேவைப்படாத இந்த வாழ்க்கைக்குக் காற்றின் ஈரமே ஆதாரம். ஈரம் குறைந்தால் முட்டை காய்ந்துவிடும்.

புவி சூடேறும்போது இத்தகைய உயிரினங்கள் குளிர்ச்சி தேடி மேல்நோக்கி நகர வேண்டியிருக்கும். ஆனால் உயரம் முடிந்துபோகிற பொருள்: இப்பகுதியின் உயர்ந்த சிகரமான அகத்தியமலையே 1,868 மீட்டர்தான். மேற்குத்தொடர்ச்சி மலையின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியை ஒட்டிய எரவிகுளத்தின் உயர்ந்த புல்வெளிகளில் மட்டும் வாழும் செந்நிறப் புதர்த்தவளைக்கு இனி ஏறுவதற்கு மலையே இல்லை.

உச்சிகளைக் காக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. என் கவலை நடுச்சரிவைப் பற்றியது. மேற்குத்தொடர்ச்சி மலையில் தேயிலையும் காப்பியும் அணைகளும் பெருமளவில் அமைந்திருப்பது அந்த உயரத்தில்தான். வெயில் நேரத்தில் தேயிலைச் சரிவில் நின்றுவிட்டு, அடுத்த அடியில் காட்டு நிழலுக்குள் நுழைந்து பாருங்கள். விரற்கடை அளவே உள்ள தவளைக்கு அந்த வெயில்வெளி எத்தகைய பாலை என்பது உடம்பிலேயே தெரியும். கீழே காடு, மேலே காடு, இடையே வழி இல்லை என்றால், வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதால் மட்டும் பயன் அதிகமில்லை.

தோட்டங்களை அகற்றினால்தான் வழி பிறக்கும் என்பதில்லை. ஓடையின் இரு கரைகளிலும் நாட்டு மரங்களையும் மூங்கிலையும் தொடர்ச்சியாக விட்டுவைக்கலாம். நிழலுக்குச் சில்வர் ஓக்கை மட்டும் நம்பாமல் வெடிபலா போன்றவற்றையும் வளர்க்கலாம். மலைக்கு மரக்கன்று வழங்க விரும்பும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: சமவெளி நாற்றங்காலில் கிடைப்பதை ஏற்றி அனுப்பாதீர்கள், நடப்போகும் உயரத்திலேயே உதிர்ந்த விதையிலிருந்து வளர்த்த கன்றா என்று கேட்டுப் பெறுங்கள். சோலை எனப்படும் உயர்மலைக் காட்டை ஒட்டிய புல்வெளியில் எந்தக் கன்றையும் நட வேண்டாம். அங்கே புல்தான் காடு.